இருசக்கர வாகன டயர்களின் தேய்மானமும் பயன்பாட்டுக் காலமும்: காரணிகள் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இருசக்கர வாகனத்தின் டயர் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்னும் வினாவுக்கு ஒற்றை எண்ணால் விடையளிக்க இயலாது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகை டயர் ஒருவரிடம் 15,000 கிலோமீட்டரிலும் மற்றொருவரிடம் 30,000 கிலோமீட்டரிலும் தேய்வது வழக்கமாகக் காணப்படுவதே. ரப்பர் தேய்வதன் இயற்பியல், முன் பின் சக்கரங்களின் வேறுபாடு, வலப்பக்கத் தேய்மானம், காற்றழுத்தம், சாலையின் தன்மை, ஓட்டும் பழக்கம், முதுமை ஆகியவற்றை முன்வைத்து இவ்வேறுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சாலைகளையும் 100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகளையும் சார்ந்தவை.

திறவுச்சொற்கள்: டயர், உருளிப்பட்டை, தேய்மானம், நழுவல், காற்றழுத்தம், பள்ள ஆழம், ஓசோன் வெடிப்பு.

முன்னுரை

டயர் வாங்குவோர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, ‘எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்பது. இரண்டாம் வினாவுக்கு அளவிட்ட விடை எங்கும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. அமெரிக்காவில் கார் டயர்களின் பக்கச்சுவரில் தேய்மானத் தர எண் பொறிக்கப்படுகிறது. அம்முறை இருசக்கர வாகன டயர்களுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர்த் தரச்சீட்டும் அவற்றை உள்ளடக்கவில்லை. இந்தியாவில் ஐஎஸ் 15627 என்னும் தர அளவையின்படி ஐஎஸ்ஐ முத்திரை இடப்படுகிறது. அம்முத்திரை டயரின் அளவு, வலிமை, தாங்குதிறன் ஆகியவற்றுக்குச் சான்றளிப்பது. தேயும் வேகத்துக்கு அன்று. ஆகவே நுகர்வோர் தம் அனுபவத்தையும் பஞ்சர் கடைக்காரரின் சொல்லையும் நம்பியே முடிவெடுக்கின்றனர். உணவு விநியோகம், பால், காய்கறி வணிகம் போன்ற தொழில்களில் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவோருக்கு இது வெறும் ஆர்வத்தால் எழும் வினா அன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து நிற்கும் செலவும், மழைக்காலத்தில் உயிர்ப்பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளன.

சொல்லாட்சி

மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பைச் சூழ்ந்த இரும்பு வளையத்தைப் ‘பட்டா’ என வழங்குவர். கலைச்சொல்லாக்கத்தில் டயருக்கு அமைந்த ‘உருளிப்பட்டை’ இதனோடு பொருந்தி வருவது. எனினும் பேச்சிலும் எழுத்திலும் ‘டயர்’ என்பதே நிலைபெற்றுவிட்டது. ரப்பர்ச் சக்கரம் பூட்டிய மாட்டுவண்டியையே ‘டயர் வண்டி’ என்று அழைக்கும் அளவுக்கு அது தமிழாகியுள்ளது. ஈழத்தமிழில் சக்கரத்தைச் ‘சில்லு’ என்பதும் டயரை ‘ரயர்’ என எழுதுவதும் வழக்கு. தமிழ்நாட்டில் தேய்ந்த டயரை ‘மொட்டை டயர்’ என்பர். இச்சொல் பள்ளங்கள் அழிந்த நிலையை மட்டுமே சுட்டுகிறது. பள்ளங்கள் இருக்கும்போதே பயனற்றுப்போன டயரைக் குறிக்கப் பொதுவழக்கில் சொல் இல்லாதிருப்பது கவனிக்கத்தக்கது. அந்நிலை பின்னர் விளக்கப்படும். இக்கட்டுரையில் ‘டயர்’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

ரப்பர் தேயும் விதம்

சார்லஸ் குட்இயர் கந்தகத்துடன் ரப்பரைச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காப்புரிமை பெற்றபோதிலும் அது வழக்கொழிந்தது. ஜான் பாய்டு டன்லப் 1888இல் மீண்டும் உருவாக்கிய பின்னரே பரவியது. தொடக்ககால டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன, விரைந்து தேய்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பன் கரித்தூளை ரப்பரோடு கலந்தபோது தேய்வுத்தடை பன்மடங்கு உயர்ந்தது. டயர் கருமையாக இருப்பது அழகுக்காக அன்று, நீடித்த உழைப்புக்காக.

தேய்மானம் என்பது சக்கரம் உருள்வதால் நேர்வதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது நழுவலால் நேர்வது. டயர் தரையைத் தொடும் பகுதி மிகச் சிறியது. பின் சக்கரத்தில் 120 கிலோ பாரமும் ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 2 கிலோ காற்றழுத்தமும் இருப்பின், தொடுபரப்பு ஏறத்தாழ 60 சதுரச் சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையினும் குறைவு. வண்டியை முன்தள்ளும் விசையும் நிறுத்தும் விசையும் இச்சிறு பரப்பின் வழியாகவே சாலைக்குச் செல்கின்றன. விசை செல்லும்போது தொடுபரப்பின் முன்பகுதியில் ரப்பர் தரையைப் பற்றிக்கொண்டு சற்றே இழுபடுகிறது. பின்பகுதியை அடைகையில் இழுவிசை பிடிமானத்தை மீறுவதால் சிறிது நழுவி விடுபடுகிறது. இந்த நுண்ணிய நழுவலின்போதுதான் சாலைக் கற்களின் கூர்முனைகள் ரப்பரைச் சீவுகின்றன. எவ்விசையும் கடத்தாது வெறுமனே உருளும் சக்கரம் மிகக் குறைவாகவே தேயும்.

இத்துறையில் அடிப்படையான ஆய்வுகளைச் செய்தவர் இங்கிலாந்தில் ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய அடால்ஃப் ஷாலமாக். தேயும் ரப்பர்ப் பரப்பில் இழுவைக்குக் குறுக்காக அலை அலையாக வரிமேடுகள் தோன்றுவதை அவர் விரிவாக ஆராய்ந்தார். அவ்வரிகள் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. ஷாலமாக்கும் டர்னரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு, நழுவும் சக்கரத்தின் தேய்மானத்தைக் கணித அடிப்படையில் விளக்கியது. நழுவல் சிறிதாக உள்ள நிலையில், கடத்தப்படும் விசை இருமடங்கானால் ஒவ்வொரு மீட்டர் தொலைவிலும் நேரும் தேய்மானம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது அதன் சாரம். விசை கூடும்போது நழுவலும் கூடுவதால், இரண்டின் பெருக்கமும் இவ்வாறு உயர்கிறது.

அளவின் நுண்மையையும் எண்ணிப்பார்க்கலாம். 18 அங்குலச் சக்கரம் பூட்டிய சிறு வண்டியில் டயரின் சுற்றளவு சுமார் 1.87 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 535 சுற்றுகள்; 25,000 கிலோமீட்டருக்கு 1.3 கோடிக்கும் மேற்பட்ட சுற்றுகள். இக்காலத்தில் பள்ளத்தின் ஆழம் 7 மில்லிமீட்டரிலிருந்து 0.8 மில்லிமீட்டராகக் குறைந்தால், ஒரு சுற்றுக்குச் சராசரியாக அரை நானோமீட்டருக்கும் குறைவான ரப்பரே இழக்கப்படுகிறது. நடைமுறையில் இவ்விழப்பு சீராக நிகழ்வதில்லை. பல்லாயிரம் சுற்றுகள் எவ்விழப்புமின்றிக் கழிய, ஒரு திடீர் நிறுத்தத்தில் அவை அனைத்துக்கும் ஈடான இழப்பு நேர்ந்துவிடும்.

முன் சக்கரமும் பின் சக்கரமும்

சங்கிலி வழியே வரும் உந்துவிசை முழுவதையும் சாலைக்குக் கடத்துவது பின் டயர். பாரத்தில் பெரும்பங்கும், பின்னமர்வோரின் எடையும் அதன்மீதே விழுகின்றன. ஆகவே பின் டயர் முன்னதாகத் தேய்கிறது. சிறு வண்டிகளில் பின் டயர் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை உழைப்பதும், முன் டயர் அதனினும் கூடுதலாக உழைப்பதும் இயல்பு. மிகு திறன் கொண்ட பந்தய வகை வண்டிகளின் மென்கலவைப் பின் டயர்கள் 5,000 முதல் 8,000 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்வது டயருக்கு ஓய்வு தரும் என்னும் எண்ணம் ஓரளவே சரி. வேகம் மாறாதிருப்பினும் காற்றின் எதிர்ப்பை வெல்ல உந்துவிசை தொடர்ந்து தேவை. அவ்வெதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80க்கு வேகம் கூடினால் காற்றெதிர்ப்பு 1.78 மடங்காகிறது. விசைக்கும் தேய்மானத்துக்கும் மேற்கூறிய தொடர்பு இருத்தலால், பின் டயரின் தேய்மானம் அதனினும் விரைந்து உயரும். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நேர்வழிகளில் மிகுதியாகச் செல்லும் வண்டிகளின் பின் டயர் நடுவில் தட்டையாவது இதனால்தான்.

இருசக்கர வாகன டயரின் குறுக்குவெட்டு வளைவானது. புதிய டயர் நிமிர்ந்து ஓடும்போது ஒடுங்கிய நடுக்கோட்டால் தரையைத் தொடுகிறது. தேயத் தேய அக்கோடு அகன்ற பட்டையாகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இழக்கப்படும் ரப்பரின் கனஅளவு மாறாது எனக் கொண்டால், பட்டை அகன்றபின் ஆழம் குறையும் வேகம் தணிய வேண்டும். வளைந்த பரப்பின் வடிவியலின்படி, ஆழத்தில் பாதி குறைந்த நிலையில் மொத்த இழப்பில் 35 விழுக்காடே நிகழ்ந்திருக்கும். டயர் பாரத்தால் முன்பே சற்று அமிழ்ந்திருப்பதால் மெய்யான வேறுபாடு இதனினும் சிறிது. எனினும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் ‘டயர் வேகமாகத் தேய்கிறது’ என எழும் முறையீட்டுக்கு இது ஒரு விளக்கமாகும்.

இவ்வாறு தட்டையான டயரே முன்னர்ச் சுட்டிய பெயரற்ற நிலைக்கு எடுத்துக்காட்டு. பள்ளங்கள் எஞ்சியிருக்கும், சட்ட எல்லையும் மீறப்பட்டிராது. ஆயினும் வண்டியைத் திருப்பத்தில் சாய்க்கும்போது, தட்டைப் பகுதியின் விளிம்பில் தொடுபரப்பு திடீரெனத் தாவுகிறது. வண்டி முதலில் சாய மறுத்து, பின் சடுதியில் விழுவதுபோல் சாய்கிறது. அனுபவமுள்ள ஓட்டுநர் இதனைக் கைப்பிடியிலேயே உணர்வார்.

முன் டயரின் தேய்மானம் வேறு வகையினது. நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிப் பெயர்வதால் முன் டயரே பெரும் நிறுத்துவிசையை ஏற்கிறது. அதன் பட்டன்கள், அதாவது பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகள், ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் அரம்பப்பல் போல் தேய்கின்றன. கையால் ஒரு திசையில் தடவினால் வழவழப்பும் எதிர்த்திசையில் சொரசொரப்பும் தெரியும். காற்றழுத்தக் குறைவும், எண்ணெய் வற்றிய முன் ஃபோர்க்கும் இதனை மிகுவிக்கின்றன.

முன் பின் டயர்களை மாற்றிப் பூட்டித் தேய்மானத்தைச் சமன்செய்யும் வழக்கம் கார்களில் உண்டு. மோட்டார் சைக்கிள்களில் அளவும் வடிவமும் பெரும்பாலும் வேறுபடுவதால் அது இயலாது. பழைய வெஸ்பா, சேத்தக் வகை ஸ்கூட்டர்கள் ஒரே அளவிலான இரு சக்கரங்களையும் ஒரு ஸ்டெப்னியையும் கொண்டிருந்தன. மூன்றையும் சுழற்சியில் பயன்படுத்திய குடும்பங்கள் பல. ‘ஸ்டெப்னி’ என்னும் சொல்லே வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத் தெரு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு சுவையான செய்தி.

வலப்பக்கம் ஏன் முன்னதாகத் தேய்கிறது?

இடப்புறமாக வண்டி ஓட்டும் நாடுகளில் டயரின் வலத்தோளும், வலப்புறமாக ஓட்டும் நாடுகளில் இடத்தோளும் சற்றுக் கூடுதலாகத் தேய்வது ஓட்டுநர்கள் பலரும் கண்டது. சாலையின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருப்பதே காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. இடப்பக்கம் சரியும் பரப்பில் நிமிர்ந்து செல்லும் வண்டியின் டயர், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகவே தரையைத் தொடுகிறது. ஆனால் அச்சரிவு சிறிது. நடுப்பட்டைக்கு அருகிலான தேய்மானத்தை அது விளக்கலாமேயன்றித் தோள்பகுதித் தேய்மானத்தை விளக்காது.

வலுவான காரணம் தொலைவு. இடப்புறப் போக்குவரத்தில் வலத் திருப்பம் எப்போதும் வெளிவட்டத்திலும், இடத் திருப்பம் உள்வட்டத்திலும் நிகழ்கிறது. இரு தடங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 3.5 மீட்டர் இருப்பின், 90 பாகைத் திருப்பத்தில் வலப்புறம் திரும்புவோர் இடப்புறம் திரும்புவோரைவிட 5.5 மீட்டர் கூடுதலாகச் செல்கின்றனர். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறாது. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளைக் கருதலாம். ஒவ்வொரு வளைவும் ஏறும்போது ஒரு புறமும் இறங்கும்போது மறுபுறமும் சாயச் செய்வது. ஆகவே எண்ணிக்கையில் இடமும் வலமும் சமம். தொலைவில் சமமில்லை. 180 பாகை வளைவு ஒன்றுக்கு 11 மீட்டர் என, ஒருமுறை ஏறி இறங்கினால் வலத்தோளில் 770 மீட்டர் கூடுதல் ஓட்டம் சேர்கிறது. தடங்கள் குறுகிய இடத்தில் இது சற்றுக் குறையும். நகரங்களின் ரவுண்டானாக்களை வலஞ்சுழியாகச் சுற்றுவதும் இதே பக்கத்துக்குப் பங்களிக்கிறது.

காற்றழுத்தம்

ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் உள்ள காரணிகளுள் தலையாயது காற்றழுத்தம். அழுத்தம் குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது; அம்மடங்கலில் வீணாகும் ஆற்றல் வெப்பமாகிறது. சூடேறிய ரப்பர் மென்மையாகி எளிதில் சீவப்படுகிறது. பக்கச்சுவரின் இழைகளும் தளர்கின்றன. அழுத்தம் மிகுந்தால் தொடுபரப்பு சுருங்கி நடுப்பகுதி மட்டும் தேய்வதுடன், குழிகளில் விழும்போது ஏற்படும் அதிர்ச்சியும் பிடிமானக் குறைவும் சேர்கின்றன.

அளவை எங்கு, எப்போது எடுப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிடும் அழுத்தம் குளிர்ந்த டயருக்கு உரியது. சுமார் 30 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயரில் வெப்பநிலை 10 செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ கூடும். சித்திரை வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்து பெட்ரோல் பங்கில் அளந்தால் கருவி காட்டுவது உயர்ந்த எண். ‘காற்று அதிகம்’ என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை அதே டயர் தேவைக்குக் குறைவான அழுத்தத்தோடு புறப்படுகிறது. மற்றொரு பழக்கம், தனியாகச் செல்லும்போதும் இருவராகச் செல்லும்போதும் ஒரே அழுத்தத்தை வைத்திருப்பது. தயாரிப்பாளர்கள் பின் சக்கரத்துக்கு இவ்விரு நிலைக்கும் வெவ்வேறு எண்களைச் சங்கிலி மூடியின்மீதோ கையேட்டிலோ தந்திருந்தும் அவற்றைப் படிப்போர் சிலரே. மூவர் அமர்ந்து செல்வதற்கு எந்த எண்ணும் தரப்படவில்லை என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

நைட்ரஜன் நிரப்பினால் டயர் நீடித்து உழைக்கும் என்னும் பரப்புரையை அதன் அளவில் கொள்ள வேண்டும். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். கசிவு சற்றுக் குறையலாம். மாதம் இருமுறை அழுத்தத்தைச் சரிபார்ப்பதற்கு அது மாற்றாகாது.

சாலையும் வெப்பமும்

சாலைப் பரப்பின் கரடுமுரடை ஆய்வாளர் இரண்டாகப் பகுப்பர். கண்ணுக்குத் தெரியும் கற்களின் மேடுபள்ளம் ஒன்று. ஒவ்வொரு கல்லின் முகத்திலும் உள்ள, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்சொரசொரப்பு மற்றொன்று. முன்னது மழைநீர் விலக வழி தருகிறது. பின்னது ரப்பரைப் பற்றுகிறது. தேய்ப்பதும் பெரும்பாலும் அதுவே. சுண்ணாம்புக்கல் கலந்த சாலை விரைவில் மெருகேறி வழுக்கும். பல்வேறு கடினக் கனிமங்கள் கலந்த கல் நெடுங்காலம் கூர்மையை இழப்பதில்லை. சென்னையை அடுத்த பல்லாவரம், திரிசூலம் குவாரிகள் தந்த சார்னோக்கைட் அத்தகைய கடினக் கல். பிடிமானம் தரும் சாலையே டயரைத் தேய்க்கும் சாலையும் என்பதால், தேய்மானம் குறைந்த சாலையை வேண்டுவது அறிவுடைமையாகாது.

காற்றின் வெப்பம் 40 செல்சியஸைத் தொடும் நண்பகலில் கரிய தார்ச்சாலையின் பரப்பு 60 செல்சியஸையும் தாண்டும். அதன்மேல் ஓடும் டயரின் வெப்பம் இன்னும் கூடுகிறது. இயற்கை ரப்பருக்கும் செயற்கை ரப்பருக்கும் இடையே தேய்வுத்தடையில் எது சிறந்தது என்பது இவ்வெப்பத்தைப் பொறுத்துத் தலைகீழாக மாறுவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ஆகவே குளிர்நாட்டில் நன்கு உழைத்த கலவை வேலூரிலோ திருச்சியிலோ அவ்வாறே உழைக்கும் என்று கருதுதல் தவறு. மழைக்காலத்தில் தேய்மானம் குறைவு. நீர் டயரைக் குளிர்விப்பதுடன் உராய்வையும் தணிக்கிறது. ஆனால் தேய்ந்த டயரின் குறை வெளிப்படுவதும் அக்காலத்திலேயே.

ஓட்டும் பழக்கம்

ஒரே வேகத்திலிருந்து வண்டியை நிறுத்த இருவர் முற்படுவதாகக் கொள்வோம். ஒருவர் மற்றவரைப்போல் இருமடங்கு விசையோடு பிரேக் பிடிக்கிறார். ஒவ்வொரு மீட்டரிலும் அவரது டயர் நான்கு மடங்கு தேய்கிறது. ஆனால் அவர் பாதித் தொலைவிலேயே நின்றுவிடுவதால் மொத்தத் தேய்மானம் இருமடங்கு. முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை விட்டு மெல்ல நிற்பவரின் டயர் நீடித்து உழைப்பதன் காரணம் இதுவே. சிக்னல்தோறும் சீறிப் புறப்படுவோருக்கும் இக்கணக்கு பொருந்தும்.

முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. கால் பிரேக்கை மட்டும் நம்புவோரின் பின் சக்கரம், பாரம் முன்னே பெயர்ந்த நிலையில் எளிதில் பூட்டிக்கொண்டு இழுபடுகிறது. உருளாமல் இழுபடும் சக்கரத்தின் ஒரே இடம் சாலையில் தேய்வதால், அவ்விடத்தில் தட்டையான வடு உண்டாகிறது. ஒருமுறை வடு ஏற்பட்டால் அங்கு அதிர்வு தோன்றி, அவ்வதிர்வே வடுவை வளர்க்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசி வரையிலான வண்டிகளில் இணைப்பு பிரேக் அமைப்பேனும், அதற்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டமை, விபத்துத் தடுப்பை நோக்கமாகக் கொண்டது. பின் டயருக்கும் அது நன்மையாய் அமைந்தது எனலாம்.

வண்டியின் பராமரிப்பில் சங்கிலியின் தளர்ச்சி, சக்கரம் நேர்கோட்டில் இல்லாமை, தேய்ந்த பேரிங், செயலிழந்த ஷாக் அப்சார்பர் ஆகியவை ஒருபக்கத் தேய்மானத்துக்குக் காரணமாகின்றன. புதிய டயர் போட்டவுடன் அதுவும் ஒருபக்கம் தேய்ந்தால் டயரைக் குறைகூறுவதற்கு முன் இவற்றைப் பார்ப்பது முறை.

தேயாமலே முதிர்தல்

வாரம் ஒருமுறை சந்தைக்குச் சென்றுவரும் ஸ்கூட்டர் ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், 20,000 கிலோமீட்டரை எட்டப் பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் ரப்பர் முதிர்ந்துவிடும். காற்றிலுள்ள உயிர்வளி ரப்பரைக் கடினமாக்குகிறது. ஓசோன் ரப்பர் மூலக்கூற்றின் இரட்டைப் பிணைப்புகளை அறுத்து, இழுவிசை உள்ள இடங்களில் நுண்வெடிப்புகளைத் தோற்றுவிக்கிறது. இதனைத் தடுக்க மெழுகும் ஓசோன் எதிர்ப்பு வேதிப்பொருள்களும் கலக்கப்படுகின்றன. டயர் மடங்கி நிமிரும்போதே அவை பரப்புக்கு நன்கு கசிந்து வருவதால், ஓடாது நிற்கும் டயர் பாதுகாப்பை இழக்கிறது. பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருப்பினும் அதனை நம்பலாகாது.

டயரின் பிறந்தநாள் அதன் பக்கச்சுவரிலேயே உள்ளது. 2000ஆம் ஆண்டு முதல் நான்கிலக்கக் குறியீடு பயன்படுத்தப்படுகிறது. முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. ‘2319’ எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்தாண்டுகளுக்குப் பின் தோற்றம் எவ்வாறிருப்பினும் மாற்றுவதும் முன்னணி உற்பத்தியாளர் கூறும் நெறி. வாங்கும்போதே இவ்வெண்ணைப் பார்ப்பவர், கிடங்கில் பலகாலம் கிடந்த சரக்கைத் தவிர்க்க இயலும்.

ஓசோன் எதிர்ப்புப் பொருளுக்கு மற்றொரு முகமும் உண்டு. பரவலாகப் பயன்படும் 6பிபிடி என்னும் பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உருவாகும் சேர்மம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மடிவதற்குக் காரணம் என்று 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. தேய்ந்த ரப்பர் துகள்கள் மறைந்துவிடுவதில்லை. மழைநீரோடு வடிகாலுக்கும் ஏரிக்கும் செல்கின்றன.

மாற்றும் எல்லையும் செலவும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 94ஆம் விதி இருசக்கர வாகனங்களுக்கு வகுக்கும் குறைந்தளவுப் பள்ள ஆழம் 0.8 மில்லிமீட்டர். ஜப்பானிலும் இதுவே அளவு; பிரிட்டனில் 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, டயரின் அகலத்தில் முக்கால் பங்கிலேனும் 1 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடாக அமைந்த தேய்மானக் குறி, மேற்பரப்புடன் சமமாகும்போது எல்லை எட்டப்பட்டது என்று பொருள். பக்கச்சுவரில் சிறு முக்கோணமோ ஆங்கில எழுத்துகளோ அக்குறியின் இடத்தைக் காட்டும்.

சட்ட எல்லையும் பாதுகாப்பின் எல்லையும் ஒன்றல்ல. பள்ளங்களின் பணி நீரை விலக்குவது. ஆழம் குறையக் குறைய அவை ஏற்கும் நீரின் அளவும் குறைகிறது, 0.8 மில்லிமீட்டரில் அது மிகச் சொற்பம். ஆதலின் 2 மில்லிமீட்டர் அளவிலேயே மாற்றுவோர் உளர். அவ்வாறு முன்னதாக மாற்றுவது வீண்செலவா என்பதைக் கணக்கிடலாம். 2,000 ரூபாய் விலையுள்ள டயர் சீராகத் தேய்ந்து, 7 மில்லிமீட்டரிலிருந்து 0.8 மில்லிமீட்டர் வரை 25,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு 8 காசு செலவாகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியில், பெட்ரோல் விலை 100 ரூபாயாயின், எரிபொருள் செலவு கிலோமீட்டருக்கு 2 ரூபாய். டயரின் செலவு அதில் 4 விழுக்காடு மட்டுமே. கடைசி 1.2 மில்லிமீட்டரைப் பயன்படுத்தாது விடுவதால் இழக்கும் தொலைவு ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். தொகை 390 ரூபாய்க்கும் குறைவு.

இத்தொகை ஓர் ஆசிரியருக்கோ அலுவலருக்கோ சிறிது. நாட்கூலியாக வண்டி ஓட்டுவோருக்கு, ஐப்பசி மழை தொடங்கும் வேளையில் ஒரே முறையாக 2,000 ரூபாயைத் திரட்டுவதே இடர். டயர் மொட்டையாவது அறியாமையால் மட்டும் நேர்வதன்று. தேய்மானத்தை வைத்தே தொழில் எழுந்த வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் நிறுவனம், 1952இல் தேய்ந்த டயர்களுக்கு மேலுறையிடும் ரப்பரைத் தயாரிக்க முற்பட்ட பின்னரே டயர் உற்பத்திக்குள் நுழைந்தது. மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா நிறுவனம் இருசக்கர வாகன டயர்களை உற்பத்தி செய்கிறது. மேலுறையிட்டு மீண்டும் பயன்படுத்தும் முறை லாரி, பேருந்து டயர்களுக்கு இன்றும் வழக்கில் உள்ளது. மெல்லிய உடலும் வளைந்த மேற்பரப்பும் கொண்ட இருசக்கர வாகன டயருக்கு அது ஏற்றதன்று. அதன் மேலுறை தேய்ந்தபின் எஞ்சுவது பழைய ரப்பர் வணிகரின் எடைத்தட்டுக்கே செல்கிறது.